போர்ப்பணிக்கு ஆண், பெண் இருவருக்கும் ஒரே உடற்தகுதி அளவு: மைதானத்து வேலியோரம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் ஒரு பள்ளி மைதானத்தில் பதினோரு ஆண்டுகளாக ராணுவ, காவலர் தேர்வுகளுக்குப் பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்பு 22 ஆண்டுகள் காலாட்படை. அதில் பாதிக் காலம் உடற்பயிற்சி உஸ்தாத், அதாவது பயிற்றுநர் வேலை. தொடக்கத்தில் பையன்கள் மட்டுமே வந்தார்கள். இப்போது நாற்பது பேர் வந்தால் அதில் பதினைந்து பேர் பெண் பிள்ளைகள். அவர்கள் வரத் தொடங்கியதும் வேலியோரம் மொபெட்டை நிறுத்திவிட்டு நிற்கிற தந்தைமாரும் கூடினார்கள், கேள்விகளும் கூடின. டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் அதே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட தோரணையிலேயே விட்டிருக்கிறேன்.

“ஒரே அளவு என்றால் ஆணும் பெண்ணும் ஒரே நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும், அவ்வளவுதானே உஸ்தாத்?”

அவ்வளவுதான் என்றால் இவ்வளவு எழுதவே வேண்டாம். இரண்டு தனித்தனிச் சோதனைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முதல் சோதனை, உடம்பு நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது. இதில் வயதுக்கும் ஆண் பெண்ணுக்கும் தக்கபடி அளவு மாறலாம். மாறுவதுதான் முறை. 22 வயதுப் பெண்ணின் ஆரோக்கியத்தை அதே வயதுப் பெண்களோடுதான் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது சோதனை, இந்த ஆளால் இந்த வேலையைச் செய்ய முடியுமா என்று பார்ப்பது. குண்டடிபட்டுக் கிடக்கிறவனை இழுத்து வர வேண்டும் என்றால், இழுப்பது ஆணா பெண்ணா என்று பார்த்து அவன் எடை குறையப்போவதில்லை. ஒரே அளவு என்ற பேச்சு இந்த இரண்டாவது சோதனைக்கு மட்டும் உரியது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகள் தாமாகவே அவிழ்ந்துவிடும்.

“என் மகள் காலாட்படையில் சேர முடியுமா?”

இதை எழுதும்போது முடியாது. காலாட்படை, கவசப் படை, இயந்திரக் காலாட்படை மூன்றும் நம் நாட்டில் பெண்களுக்குத் திறக்கப்படவில்லை. மற்ற கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வருகின்றன. 1992-இல் மருத்துவப் பிரிவுக்கு வெளியேயும் பெண் அதிகாரிகள் வரத் தொடங்கினார்கள். 2016-இல் விமானப் படையில் மூன்று பெண்கள் போர் விமானிகள் ஆனார்கள். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தரைப்படையில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்கச் சொன்னது. 2021-இல் ராணுவக் காவல் பிரிவில் 83 பெண்கள் சிப்பாய்களாகப் பயிற்சி முடித்தார்கள். 2023-இல் சென்னை அதிகாரிகள் பயிற்சி மையத்திலிருந்து ஐந்து பெண்கள் பீரங்கிப் படைக்குப் போனார்கள். 2025 மே மாதம் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் முதல் பெண்கள் அணி, 17 பேர், ஆண்களோடு சேர்ந்து தேறி வெளியே வந்தது.

அதனால் நம் ஊரில் இந்தப் பேச்சு கொஞ்சம் முன்கூட்டியே நடக்கிறது. நடக்கட்டும். கதவைத் திறந்த பிறகு அவசர அவசரமாக அளவு வைத்த நாடுகள் பட்ட பாட்டைக் கீழே சொல்கிறேன்.

“அக்னிவீர் ஓட்டத்தில் பையனுக்கு ஒரு நேரம், பெண்ணுக்கு ஒரு நேரம். இது சலுகைதானே?”

அக்னிவீர் என்ற நான்காண்டுச் சிப்பாய்ப் பணிக்கு ஆளெடுக்கும் ராலிக்குப் போகும் பையன் 1600 மீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். பீம், அதாவது கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது, பத்து அடித்தால் இன்னும் 40. ராணுவக் காவல் பிரிவுக்குப் போகும் பெண்ணுக்கு அதே தூரம் முதல் தரத்துக்கு 7 நிமிடம் 30 விநாடி, இரண்டாம் தரத்துக்கு 8 நிமிடம். பீம் கிடையாது, நீளம் தாண்டுதலும் உயரம் தாண்டுதலும் உண்டு. நம் மாநிலக் காவலர் தேர்விலும் அப்படித்தான். ஆணுக்கு 1500 மீட்டர் 7 நிமிடத்தில், பெண்ணுக்கு 400 மீட்டர் இரண்டரை நிமிடத்தில். அறிவிப்புக்கு அறிவிப்பு இவை மாறும், அதனால் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் படித்துவிட்டு ஓடுங்கள்.

இவற்றைச் சலுகை என்பதைவிட முதல் கேள்வியில் சொன்ன முதல் வகைச் சோதனை என்பதே பொருத்தம். கூட்டத்தில் ஆரோக்கியமான ஆட்களைச் சலித்தெடுக்கிற வேலை. வேலையை அளக்கிற சோதனை இதில் பையனுக்கும் இல்லை, பெண்ணுக்கும் இல்லை. ஐந்தரை நிமிடத்தில் ஓடுகிற பையன் அன்று மாலையே காலாட்படை வேலைக்குத் தகுதியாகிவிட்டான் என்று எந்த உஸ்தாதும் சொல்லமாட்டார். அதற்குப் பின்னால் மாதக்கணக்கில் பயிற்சியும், பாரத்தோடு ஐந்து கிலோமீட்டர் ஓட்டமும், கயிறேற்றமும், ஒன்பதடிப் பள்ளத் தாண்டலும் உள்ள போர்த்திறன் சோதனையும் இருக்கின்றன.

இன்னொன்று. தமிழ்நாட்டுப் பையனுக்கு உயரம் 166 செ.மீ. போதும். பெண்ணுக்கு 162. நம் பக்கம் 162 செ.மீ. பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சலுகைக் கணக்குப் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் போடட்டும்.

“ஆணைவிடப் பெண்ணுக்கு வலு குறைவு என்பது அறிவியல். பிறகு எதற்கு இந்த விவாதம்?”

சராசரி என்று பார்த்தால் குறைவுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. பெண்களின் மேலுடம்பு வலு சராசரியாக ஆண்களுடையதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், காலில் அந்த இடைவெளி குறைவு. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவாக இருப்பதால் நீண்ட ஓட்டத்தில் மூச்சுத் திறனும் குறையும். பயிற்சி இந்த இடைவெளியைச் சுருக்கும், முழுதாக அடைக்காது.

ஆனால் படைக்குச் சேர்வது சராசரி இல்லையே, ஆள் அல்லவா சேர்கிறாள்? காங்கயத்து உலர்களங்களில் தேங்காய்க் கூடையை நாள் முழுக்கத் தலையில் சுமந்து கொட்டுகிற அக்காமாரைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் சிலரோடு போட்டி போட்டால் பனியன் கம்பெனியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பையன்கள் பாதிப் பேர் தோற்பார்கள். அதற்காகப் பெண்கள் ஆண்களுக்கு நிகர் வலு என்று நான் சொல்லவரவில்லை. இரண்டு கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்று படிகிற இடம் ஒன்று உண்டு, அந்த இடத்தில் இருப்பவளை ‘சராசரி’ என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறேன். கடினமான வேலைக்கு ஒரே அளவு வைத்தால் தேறுகிற பெண்களின் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். அதையும் ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும்.

“அந்த அளவை யார் முடிவு செய்கிறார்கள்? ஏதாவது ஓர் அதிகாரி மனதில் தோன்றியதை எழுதிவிடுகிறாரா?”

அப்படி எழுதிய காலமும் உண்டு. முறையாகச் செய்தால் வேலையிலிருந்து தொடங்க வேண்டும். இந்தப் பணியில் உள்ளவன் உண்மையில் என்னென்ன தூக்குகிறான், எவ்வளவு தூரம், எத்தனை தடவை, எவ்வளவு நேரத்துக்குள் என்று களத்தில் வேலை பார்ப்பவர்களிடம் கேட்டும், கூடவே நின்று அளந்தும் பட்டியல் எடுக்கிறார்கள். அதில் தவிர்க்க முடியாத, செய்யாவிட்டால் உயிர் போகும் வேலைகளை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். அவற்றைப் போலவே இருக்கும் எளிய சோதனைகளை உருவாக்கி, அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிற ஆண்களையும் பெண்களையும் வைத்தே சோதிக்கிறார்கள். சோதனையில் நன்றாகச் செய்கிறவர் வேலையிலும் நன்றாகச் செய்கிறாரா என்று ஒத்துப்பார்த்த பிறகுதான் ‘இதற்குக் கீழே வேண்டாம்’ என்ற கோட்டைப் போடுகிறார்கள்.

எந்தச் சோதனையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கே ஒரு புதன்கிழமை காலையில்தான் உறைத்தது. யூரியாச் சாக்கில் ஆற்று மணலை நிரப்பி, மேலே இன்னொரு சாக்கைப் போட்டுத் தைத்து, கொப்பரைக் கடை எடை மேடையில் வைத்து 80 கிலோ என்று சரிபார்த்துக் கொண்டுவந்தேன். இருபது மீட்டர் இழுக்க வேண்டும். எங்கள் மைதானத்திலேயே வேகமாக ஓடுகிறவன் முதலில் வந்தான். 54 கிலோ ஒல்லிப் பையன். நான்கு மீட்டர் இழுத்தான், சாக்கு நின்றது, அவன் கை வழுக்கி மல்லாக்க விழுந்தான். அடுத்து உலர்களத்து வீட்டுப் பெண் ஒருத்தி. 1600 மீட்டரை எட்டு நிமிடத்தில் ஒருநாளும் முடித்ததில்லை. சாக்கின் காதைப் பிடித்து, இடுப்பைத் தாழ்த்தி, குதிகாலை மண்ணில் ஊன்றி, பின்பக்கமாக ஒவ்வொரு அடியாக வைத்துக் கோடுவரை இழுத்துவிட்டாள். யாரும் கைதட்டவில்லை, அவ்வளவு ஆச்சரியம்.

அவசரப்பட வேண்டாம், கதை முடியவில்லை. மூன்றாவதாக வந்த 78 கிலோ பையன் அவளுக்கு ஆன நேரத்தில் பாதியில் இழுத்துவிட்டான். பிறகு 20 கிலோவை முதுகில் கட்டி ஐந்தடிச் சுவர் ஏறச் சொன்னேன். அவள் பாதியில் தொங்கினாள். ஒல்லிப் பையன் எப்படியோ தாண்டிவிட்டான். ஓட்டத்தை மட்டும் வைத்திருந்தால் அவள் வெளியே. இழுப்பை மட்டும் வைத்திருந்தால் அவன் வெளியே. வேலைக்கு ஓட்டமும் இழுப்பும் சுவரேற்றமும் வேண்டும் என்றால் அன்று உள்ளே வந்திருக்கக்கூடியவன் அந்த மூன்றாமவன் ஒருவன்தான், அவனும் ஓடி, சுவரும் ஏறியிருந்தால்.

“இதை நடைமுறையில் செய்த நாடு எது?”

கனடா 1989-லேயே ஏறக்குறைய எல்லாப் போர்ப்பணிகளையும் பெண்களுக்குத் திறந்துவிட்டது, நீர்மூழ்கிக் கப்பல் மட்டும் பிறகு. அங்கே இப்போது ராணுவத்தினர் எல்லோருக்கும் பொதுவாக நான்கு சோதனைகள். அதில் ஒன்று, 20 கிலோ மணல் மூட்டையை இடுப்புயரத்துக்குமேல் 30 தடவை, மூன்றரை நிமிடத்துக்குள் தூக்கிவைப்பது. தண்ணீர் கேனை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதே எடைதான். ஆணுக்கும் பெண்ணுக்கும், இளையவருக்கும் மூத்தவருக்கும் தேறும் கோடு ஒன்றே.

பிரிட்டன் 2016-இல் தடையை நீக்கி, 2018-இல் எல்லாப் பணிகளையும் திறந்தது. அதையொட்டிப் பணிக்குத் தக்க புதிய சோதனைகளைக் கொண்டுவந்தது. காலாட்படைக்காரர் 40 கிலோ சுமந்து 4 கி.மீ. தூரத்தை 50 நிமிடத்துக்குள் நடக்க வேண்டும். அது முடிந்ததும் 25 கிலோவோடு 2 கி.மீ., 15 நிமிடத்துக்குள். பிறகு 110 கிலோ மூட்டை இழுப்பு, அதாவது இரண்டு சிமெண்ட் மூட்டைக்குமேல் பத்துக் கிலோ. இதிலும் ஆண் பெண் வேறுபாடு இல்லை. இவற்றைப் படித்த பிறகு என் 80 கிலோ சாக்கு எனக்கே சிறியதாகத் தெரிந்தது.

“அமெரிக்காவில் ஒரே அளவு வைத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?”

பாதி உண்மை. 2015 டிசம்பரில் எல்லாப் போர்ப்பணிகளையும் பெண்களுக்குத் திறந்தார்கள். தரைப்படை தன் பழைய சோதனைக்குப் பதிலாக ஆறு பகுதிகள் கொண்ட புதிய சோதனையை உருவாக்கியது. எடைக்கம்பி தூக்குதல், பந்தைப் பின்னோக்கி எறிதல், தண்டால், இழுத்தும் சுமந்தும் ஓடுதல், கம்பியில் தொங்கி முழங்காலை மேலே கொண்டுவருதல், இரண்டு மைல் ஓட்டம். எல்லோருக்கும் ஒரே அளவு என்று அறிவித்தார்கள். பிழை அங்கேதான் நேர்ந்தது. காலாட்படைக்காரருக்கும், கணக்கு எழுதுகிறவருக்கும், பல் மருத்துவருக்கும் ஒரே சோதனை. முன்னோட்டத்தில் பெண்கள் பெருமளவு தேறவில்லை. முழங்கால் தூக்குவதற்கும் போர்க்கள வேலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் திடமான பதில் இல்லை. 2022-இல் அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, மதிப்பெண்ணையும் வயது, பால் பார்த்துப் பிரித்துவிட்டார்கள்.

2025-இல் மறுபடி மாற்றம். பந்து எறிதலை எடுத்துவிட்டு ஐந்து பகுதிகளாக்கி, 21 போர்ப்பணிகளுக்கு மட்டும் ஆண் பெண் பாராத ஒரே அளவு என்றார்கள். ஒரு பணிக்கு ஒரு கோடு என்பதை நோக்கிய நகர்வு என்ற அளவில் இது 2022-ஐவிடத் தெளிவு. ஆனால் இந்தப் புதிய அளவிலும் வயதுக்குத் தளர்வு இருக்கிறது. நாற்பதைத் தாண்டியவருக்குக் கோடு இறங்கும், பெண்ணுக்கு இறங்காது. வேலைதான் அளவு என்றால் வயதுக்கு மட்டும் ஏன் இரக்கம்? இதை நான் கேட்டால் என் வயதுக்காரர்களே முறைக்கிறார்கள்.

“பெண்கள் வர வேண்டும் என்பதற்காக அளவையே குறைத்துவிடுவார்கள். கடைசியில் எல்லையில் நிற்கிறவனுக்குத்தானே ஆபத்து?”

இந்தப் பயம் நியாயமானது. படையில் இருந்தவன் என்ற முறையில் எனக்கும் உண்டு. அதற்கு மருந்து, கோடு எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்திருப்பது. 40 கிலோ என்றால் எந்தெந்தச் சாமான்களைக் கூட்டி 40 வந்தது என்ற கணக்கு கையில் இருந்தால், எந்த அமைச்சர் வந்து குறைக்கச் சொன்னாலும் ‘எந்தச் சாமானை விட்டுவிட்டுப் போகட்டும்?’ என்று கேட்கலாம். கணக்கு இல்லாத கோட்டைத்தான் யாரும் எளிதாக நகர்த்துவார்கள்.

அளவைக் குறைக்காமலே பெண்கள் தேறியதும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ரேஞ்சர் பள்ளி மிகக் கடுமையான பயிற்சிக்குப் பெயர்போனது. 2015 ஆகஸ்டில் கிறிஸ்டன் கிரிஸ்ட், ஷே ஹேவர் என்ற இரண்டு பெண்கள் அதை முடித்தார்கள். 35 பவுண்டு சுமையோடு 12 மைலை மூன்று மணி நேரத்துக்குள் கடப்பது அங்கே ஆண்களுக்கு வைத்த அளவு, அவர்களுக்கும் அதே. உடன் பயிற்சிக்கு வந்த மற்றப் பெண்களில் பெரும்பாலோர் வெளியேறினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

“திருப்பிக் கேட்கிறேன். வேண்டுமென்றே அளவை ஏற்றிவைத்துப் பெண்களை வெளியே நிறுத்த முடியாதா?”

இதைக் கேட்டது பன்னிரண்டாம் வகுப்புப் பெண். முடியும், கண்ணு. வேண்டுமென்றே செய்யாமல் அசட்டையாகச் செய்தாலும் அதே விளைவுதான்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டானி மெயோரின் என்ற பெண் காட்டுத் தீயணைப்பு வேலையில் இருந்தார். மூன்று ஆண்டுகள் ஒழுங்காக வேலை பார்த்தவர். புதிதாகச் சோதனை கொண்டுவந்தார்கள், 2.5 கி.மீ. தூரத்தை 11 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். நான்கு தடவை முயன்றும் அவருடைய சிறந்த நேரம் 49.4 விநாடி கூடிவிட்டது. வேலை போயிற்று. வழக்கு கனடா உச்ச நீதிமன்றம்வரை போனது. அந்த வேகம் இல்லாவிட்டால் தீயணைப்பு வேலையைப் பாதுகாப்பாகச் செய்ய முடியாது என்று அரசு நிரூபிக்கவில்லை என்று சொல்லி, 1999-இல் நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. அளவு வைக்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அளவுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைக் காட்டு என்றது. முன் கேள்விக்குச் சொன்ன அதே கணக்குப் புத்தகம்தான். குறைக்க வருகிறவனையும் அது நிறுத்தும், ஏற்ற வருகிறவனையும் நிறுத்தும்.

“எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கேட்கிறார்களே, ஒரே அளவு என்பது நம் ஊருக்கு ஒத்துவருமா?”

எங்கள் பக்கம் தோட்டங்களில் ஆண் கூலி, பெண் கூலி என்று இரண்டு உண்டு. வேலை ஒன்றாக இருந்தாலும் கூலி இரண்டு. இந்தக் கேள்வியைக் கேட்ட மாமாவின் தோட்டத்திலும் அப்படித்தான். அதை நினைவூட்டியதும் பேச்சை மழை பற்றி மாற்றிவிட்டார்.

“அமெரிக்க மரைன் படை ஆய்வில் ஆண்கள் மட்டும் உள்ள அணிதான் ஜெயித்தது என்று படித்தேன். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?”

2015-இல் வந்த ஆய்வு. 134 பணிகளில் 93-இல் ஆண் அணிகள் கலப்பு அணிகளைவிட நன்றாகச் செய்தன. பொய்யில்லை. கனமான ஆயுதங்களைத் தூக்கிக்கொண்டு நகர்வதிலும், காயம்பட்டவரை அப்புறப்படுத்துவதிலும் வேறுபாடு தெரிந்தது. பெண்களுக்குக் காயமும் கூடுதல்.

ஆனால் அதில் கலந்துகொண்ட பெண்கள், பணிக்கென ஒரு கோட்டைப் போட்டு அதைத் தாண்டியவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் அல்ல. பலர் அப்போதுதான் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்தவர்கள், ஆண்களில் பலர் ஏற்கெனவே போர்ப்பிரிவுகளில் இருந்தவர்கள். எனவே அது சராசரிகளின் ஒப்பீடு. என் மைதானத்தில் 54 கிலோ பையன்களை மட்டும் சேர்த்து ஓர் அணி கட்டினால் சாக்கு இழுப்பில் அதுவும் தோற்கும். அதிலிருந்து நான் எடுக்கிற பாடம், கோடு வைக்காமல் கதவைத் திறக்காதே என்பது. கதவையே திறக்காதே என்று எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

“சோதனை ஒன்றானால் பயிற்சியும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?”

கூடாது. இதில்தான் நல்ல எண்ணம் கொண்டவர்கள் அதிகம் சறுக்கினார்கள். பிரிட்டிஷ் தரைப்படை 1990-களின் இறுதியில் புதிதாகச் சேர்ந்த ஆண் பெண் இருவரையும் ஒரே அணியில், ஒரே நடை வேகத்தில், ஒரே பாரத்தோடு பயிற்றுவித்தது. எலும்பும் தசைநாரும் தேய்ந்து மருத்துவக் காரணத்தால் வெளியேறிய பெண்கள் 4.6 சதவீதத்திலிருந்து 11.1 சதவீதமானார்கள். ஆண்களில் அது 1.5 சதவீதத்துக்கும் கீழேதான் இருந்தது. காலெலும்பில் மயிரிழை விரிசல் என்பது பயிற்சி பெறும் பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம் வரும், தெரிந்த விஷயம்.

காரணங்களில் ஒன்று சாதாரணமானது. உயரமான பையன்களின் எட்டுக்குக் குள்ளமான பெண் எட்டு வைத்து நடந்தால் இடுப்பெலும்பு தாங்காது. நான் அணிவகுப்பில் குள்ளமானவர்களை முன்னால் நிறுத்துவதும் இதற்காகத்தான். போய்ச் சேர வேண்டிய ஊர் ஒன்று. பழனிக்குக் காவடி எடுத்து நடக்கிறவர்கள் எல்லோரும் ஒரே நாளில் புறப்படுகிறார்களா? தொலைவில் இருக்கிற எடப்பாடிக்காரர்கள் ஒரு நாள், பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு நாள். பயிற்சிக்கும் அப்படி முன்னதாகப் புறப்படும் நாள் ஒன்று வேண்டும். பெண்ணுக்குக் கூடுதலாக ஆறு மாதம் பாரம் தூக்கும் பயிற்சி கொடுப்பதை நான் சலுகை என்று எண்ணுவதில்லை.

முதுகுப்பையும் குண்டு துளைக்காத கவசமும் ஆண் உடம்புக்கு அளவெடுத்தவை. தோள் அகலமும் இடுப்பு உயரமும் பொருந்தாத பையில் 40 கிலோ என்பது பொருந்தும் பையில் 40 கிலோ ஆகாது. சோதனைக்கு முன்பு பையைச் சரிசெய்யுங்கள்.

“அந்த மூன்று நாட்களில் எப்படி? சொல்லக் கூச்சமாக இருக்கிறது…”

கூச்சம் வேண்டாம் அம்மணி. பெரும்பாலான பெண்கள் அந்த நாட்களிலும் பயிற்சி செய்யலாம், வலி இருந்தால் குறைத்துக்கொள்ளலாம். நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. கடுமையான பயிற்சியில் மாதவிடாய் நின்றுபோனால் ‘தொல்லை விட்டது’ என்று மகிழாதீர்கள். செலவழிக்கிற அளவுக்குச் சாப்பிடவில்லை என்பதற்கான எச்சரிக்கை அது. அப்படியே விட்டால் எலும்பு பலவீனமாகி, மேலே சொன்ன விரிசலில் கொண்டுபோய் விடும். எடை குறையட்டும் என்று ராத்திரிச் சோற்றை விடுகிற பிள்ளைகளுக்கு என் மைதானத்தில் ஓட்டம் கிடையாது. மருத்துவரிடம் இரும்புச்சத்தையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

“ஒரே அளவைத் தவறான நேரத்தில் வைத்தால்?”

தாராபுரத்து வழக்கறிஞர் ஒருவர் கேட்ட கேள்வி, அவரே பதிலும் வைத்திருந்தார். 2020 தீர்ப்புக்குப் பிறகு பெண் அதிகாரிகளை நிரந்தரப் பணிக்குப் பரிசீலித்தபோது, ‘ஷேப்-1’ என்ற உயர் மருத்துவத் தகுதி கேட்டார்கள். ஆண்களுக்கும் அதே தகுதிதான், காகிதத்தில் பார்த்தால் அப்பழுக்கில்லாத சமத்துவம். ஆனால் ஆண் அதிகாரிகளுக்கு அது பணியின் ஐந்தாவது அல்லது பத்தாவது ஆண்டில், இளமையில் பார்க்கப்பட்டது. பெண்களுக்கு அந்த வயதில் வாய்ப்பே கொடுக்காமல், பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து, நாற்பதைத் தாண்டிய உடம்பில் பார்த்தார்கள். 2021 மார்ச்சில் நிதிஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மறைமுகப் பாகுபாடு என்றது. கோட்டைப் பார்த்தால் போதாது, ஆளை எப்போது கொண்டுவந்து கோட்டில் நிறுத்தினார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

“கோட்டைத் தாண்டியவர்களுக்குள் மதிப்பெண் வரிசை போட்டால் பெண் கடைசியில்தானே வருவாள்?”

இதுவரை வந்ததில் சிக்கலான கேள்வி. ஆம், வருவாள். 40 கிலோவை 50 நிமிடத்தில் சுமப்பது போதும் என்று வேலையே சொல்லிவிட்டது. 42 நிமிடத்தில் சுமப்பவனுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்து, மேலிருந்து ஆள் எடுத்தால், முன்வாசலில் திறந்த கதவைப் பின்வாசலில் சாத்தியதுபோல ஆகிவிடும்.

என் கருத்து, கோடு கோடாகவே இருக்கட்டும். தாண்டினாயா, உள்ளே வா. அதற்குமேல் வரிசை வேண்டுமென்றால் எழுத்துத் தேர்வு, குறி பார்த்துச் சுடுதல், வரைபடம் படித்தல் ஆகியவற்றில் போடலாம். என்னோடு பணியாற்றிய நண்பர் ஒருவர் இதை ஏற்கவில்லை. வேகமாகச் சுமப்பவன் களத்தில் மிச்சம் வைக்கும் எட்டு நிமிடம் உயிர் காக்கும் என்கிறார். அப்படியானால் கோட்டையே 42-க்கு இறக்க வேண்டும், அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பேன். நாங்கள் இருவரும் இன்னும் அங்கேயே நிற்கிறோம்.

“சின்ன உடம்புப் பையன்களுக்கும் இதே கதிதானே?”

அதேதான். பாரம் சுமக்கும் சோதனை 50 கிலோ உடம்பை 75 கிலோ உடம்பைவிடக் கடுமையாக நடத்தும், மீசை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. வேலையை அளக்கும் சோதனை வந்தால் முதலில் அதிர்ச்சி அடையப்போவது ஓட்டத்தை மட்டும் நம்பியிருக்கிற நம் ஒல்லிப் பையன்கள்.

“பெண்கள் எதிரியிடம் கைதானால்?”

இது உடற்தகுதிக் கேள்வி இல்லை. வேறொரு நாள் பேசலாம்.

“சரி, இப்போதே என்ன பயிற்சி செய்யலாம்?”

ஓட்டத்தை மட்டும் பிடித்துத் தொங்காதீர்கள். வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் பாரம் என்று நான் பிரித்திருக்கிறேன். பாரத்துக்கு ஜிம் வேண்டாம். பள்ளிப் பையில் ஐந்து கிலோ மணலோடு மண் பாதையில் நடக்கத் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு கிலோ என்று கூட்டுங்கள். அவசரப்பட்டு ஒரே மாதத்தில் இருபதைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். பீமில் ஒன்றுகூட அடிக்க முடியாத பெண், மேலே ஏறி நின்று மெதுவாகக் கீழே இறங்குவதிலிருந்து தொடங்கட்டும். எங்களிடம் ஒருத்திக்கு முதல் பீம் வர ஏழு மாதம் ஆயிற்று, இப்போது நான்கு அடிக்கிறாள். வள்ளிக்கும்மி ஆடுகிற பிள்ளைகள் மூச்சில் ஏற்கெனவே முந்தி இருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் குனிந்து நிமிர்ந்து அடியெடுத்து ஆடுவது சாதாரணம் இல்லை. அவர்களுக்குத் தேவை தோளிலும் முதுகிலும் வலு.

“காலாட்படை கடைசிவரை திறக்காமலே போனால் இவ்வளவும் வீண்தானே?”

சாக்கு இழுத்த அந்தப் பெண் கேட்டதுதான் இது. திறக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அவள் இப்போது காவலர் தேர்வுக்கு ஓடிக்கொண்டிருக்கிறாள். அதில் 400 மீட்டர்தான், சாக்கு கிடையாது. இருந்தாலும் வெள்ளிக்கிழமைதோறும் ஓட்டம் முடிந்ததும் போய் ஒரு தடவை இழுத்துவிட்டுத்தான் சைக்கிளை எடுக்கிறாள். போன வாரம் ‘கனம் கூடிவிட்டது உஸ்தாத்’ என்றாள். சாக்கு இரண்டு நாள் மழையில் நனைந்து கிடந்தது. வெயிலில் காயப்போட்டிருக்கிறேன். காய்ந்ததும் கொப்பரைக் கடைக்கு எடுத்துப்போய் மறுபடி எடை போட வேண்டும்.